முறுக்கும் கை, முடுக்கும் ஊடகம்

1999இல் சுசுகி நிறுவனம் ஹயபூசாவை வெளியிட்டதும் உலகத்துப் பைக் பத்திரிகைகள் எல்லாம் ஓர் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடின: மணிக்கு 312 கி.மீ. அதற்கு முன்பு 1990இல் கவாசாகியின் இசட்எக்ஸ்-11, 1996இல் ஹோண்டாவின் சூப்பர் பிளாக்பேர்ட் என்று ‘உலகிலேயே வேகமான வண்டி’ என்ற பட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது. பட்டத்தைச் சூட்டியவை பத்திரிகைகள். மூடிய ஓடுதளத்தில் கருவி வைத்து அளந்து, அட்டையில் எண்ணைப் பெரிதாக அச்சிட்டு, அடுத்த நிறுவனத்தைச் சீண்டிவிட்டன. ஐரோப்பிய அரசாங்கங்கள் கட்டுப்பாடு கொண்டுவரும் என்ற பேச்சு எழுந்த பிறகுதான் ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் தமக்குள் ஓசைப்படாமல் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: இனி எந்த வண்டியும் 299ஐத் தாண்டாது. கையெழுத்திட்ட காகிதம் எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் அடுத்தடுத்து வந்த வண்டிகள் அந்த எண்ணில் வந்து நின்றன.

இதை உயிர்மேல் கொண்ட அக்கறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் வந்து வியாபாரத்தைக் கெடுப்பதற்குள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதோடு, எல்லை என்று ஒன்றைப் போட்டதும் 300 என்பது எப்படியாவது தொட்டே ஆகவேண்டிய எண்ணாகிவிட்டது. 2023 மே மாதம் டேராடூனைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் யமுனா விரைவுச்சாலையில் கவாசாகி நிஞ்சாவை 300க்குக் கொண்டுபோக முயன்று, சாலை நடுவில் இருந்த தடுப்பில் மோதி இறந்துபோனார். பொதுச்சாலையில் அந்த எண்ணைத் தேடிப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் உத்தரவிடவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கு அத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது?

மூர்க்கமாக வண்டி ஓட்டுவதைப் பைக் ஊடகம் கொண்டாடுகிறதா என்று கேட்டால், ஆமாம், முக்கால் நூற்றாண்டாகக் கொண்டாடுகிறது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. அந்தக் கொண்டாட்டம் யாரை, எந்த வழியாகப் பாதிக்கிறது என்பதில்தான் கருத்துகள் மோதுகின்றன. ‘இளைஞர்களைக் கெடுக்கிறார்கள்’ என்று ஒரு தரப்பு. ‘சாலையில் சாவதெல்லாம் இதனாலா?’ என்று எதிர்த்தரப்பு. இரண்டு பேருமே பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். நம் ஊரில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்க முறையான ஆசிரியர் கிடையாது. காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் கேமரா வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆபத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம். 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் பைக் ஓட்டிகள் கூடிக் குடித்துக் கூத்தடித்தார்கள். சுற்றிலும் பீர்ப் புட்டிகள் இறைந்து கிடக்க, வண்டிமேல் சாய்ந்திருக்கும் ஒரு தடியனின் படத்தை லைஃப் பத்திரிகை பெரிதாகப் போட்டது. புட்டிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து அடுக்கித்தான் படம் எடுத்தார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அந்தக் கலாட்டாவை வைத்து ஒரு சிறுகதை வந்தது; சிறுகதையிலிருந்து 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ வந்தது. பிரிட்டனின் தணிக்கைக் குழு 1967 வரை அதற்கு அனுமதி தரவில்லை. பிராண்டோ அதில் ஓட்டியது டிரையம்ப் வண்டி. எங்கள் பெயர் கெட்டுப்போகும் என்று அதன் அமெரிக்க இறக்குமதியாளர்கள் அப்போது ஆட்சேபித்தார்கள். இன்று டிரையம்பின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தப் படத்தைப் பெருமையோடு சொல்லாமல் விடுவதில்லை.

முரடனைக் காட்டினால்தான் வண்டி விற்கும் என்பதும் பொய். 1960களின் தொடக்கத்தில் ஹோண்டா அமெரிக்காவில் இதற்கு நேர் எதிரான விளம்பரத்தைச் செய்தது. இல்லத்தரசி, மாணவன், காதலர்கள் என எல்லாரும் சின்னஞ்சிறு ஹோண்டாவில் சிரித்துக்கொண்டே போவார்கள்; இந்த வண்டியில் நல்ல மனிதர்களைத்தான் சந்திப்பீர்கள் என்பது அதன் சாரம். வண்டி அமோகமாக விற்றது. முரட்டுத்தனத்தைக் காட்டுவது ஒரு தேர்வு. வேறு வழியில்லாமல் செய்வதாகச் சொல்வதை நான் நம்புவதில்லை.

இந்தியாவில் வெகுகாலம் பைக்கைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100 இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நாட்டைப் பிடித்தது. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரம். அதே ஆண்டு வந்த யமஹா ஆர்எக்ஸ்100 மைலேஜைப் பற்றி மூச்சே விடாமல், ரேஸ் விடும் பையன்களின் வாய்மொழியாலேயே காவியமானது. 2001இல் பஜாஜ் பல்சரை ‘சந்தேகமில்லாமல் ஆண்’ என்ற பொருளில் விளம்பரப்படுத்தியபோது இரண்டாம் வழியே பெருவழியானது. 2009இல் அதே பல்சரின் பெயரைத் தாங்கி எம்டிவியில் ‘ஸ்டண்ட் மேனியா’ என்ற போட்டி நிகழ்ச்சி வந்தது. முன்சக்கரத்தைத் தூக்குவதும் பின்சக்கரத்தைத் தூக்குவதும் வீட்டுக் கூடத்தில் ஓடும் நிகழ்ச்சியாயின. செலவை ஏற்றது வண்டி செய்யும் நிறுவனம்.

ஹயபூசாவும் சும்மா இருக்கவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஸ்வீடனிலிருந்து ‘கோஸ்ட் ரைடர்’ என்ற முகமூடி ஓட்டியின் டிவிடிகள் உலகம் சுற்றின. கறுப்பு உடை, கறுப்புத் தலைக்கவசம், போலீஸ் துரத்தல், ஓடும் வாகனங்களுக்கு நடுவே ஊசி நுழைவது போன்ற ஓட்டம். சென்னையில் கல்லூரி விடுதிக் கணினிகளில் அது கைமாறிக் கைமாறி ஓடியது. 2004இல் ஹயபூசாவைத் திரையில் ஓடவிட்ட ‘தூம்’ படம் இந்தியில் வந்தது. ஹயபூசா இந்தியக் கடைக்கு முறையாக வந்தது அதற்கும் நான்காண்டு கழித்து, 2008 இறுதியில்தான். அதற்குள் அதைத் தொட்டே பார்க்காதவனுக்கும் அதன் பெயர் தெரிந்திருந்தது.

தமிழ் சினிமா இதில் ஒரு விசித்திரமான இரட்டை வேடம் போடுகிறது. ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் பைக் என்பது ஒரு கீழ்நடுத்தர வீட்டின் மானப் பிரச்சினை. சாகசம் அங்கே முக்கியமில்லை. ‘வலிமை’ (2022) படத்தில் பைக் சாகசக் கும்பல்தான் வில்லன்கள். வசனம் அவர்களைக் கண்டிக்கிறது. கேமரா அவர்களைக் கண்டு வாய்பிளக்கிறது. படப்பிடிப்பில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்யும்போது அஜித்குமார் விழுந்து எழுந்த காட்சி படம் வருவதற்கு முன்பே வெளியாகி, துணிச்சலுக்குச் சான்றாகப் பரவியது. அஜித் பந்தயப் பயிற்சி பெற்றவர். படப்பிடிப்புக்கான இடத்தில், கவசத்தோடு செய்தார். பார்த்தவனின் கைபேசித் திரையில் இதில் எதுவும் இல்லை.

திரையில் எது இல்லாமல் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பைக் ஓட்டியபடியே எடுக்கும் மோட்டோ விளாக் காணொளியின் இலக்கணம் இப்போது எல்லாருக்கும் அத்துப்படி. தலைக்கவசத்தின் தாடைப் பகுதியில் ஒட்டிய கேமரா, கீழே வேகமானியின் எண்கள், இருபுறமும் கரைந்தோடும் சாலை. அந்தக் கேமராவின் அகன்ற கோணம் ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டிக் காட்டும். 80இல் போனாலும் 140 போலத் தெரியும். நடுவில் வரும் லாரி தூரத்துப் புள்ளியாகச் சுருங்கி, கடைசி நொடியில்தான் பெரிதாகும். ஆக, வேகம் மிகைப்பட்டும் அபாயம் சுருங்கியும் தெரிகிற கண்ணாடி அது. இரண்டு மணி நேர ஓட்டத்தில் எட்டு நிமிடம்தான் காணொளியில் நிற்கும். காத்திருந்தது, வழிவிட்டது, சலிப்பாகப் போனது எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். அடிவயிறு கலங்கிய கணங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றையும் சேர்த்துக் கோத்து ‘தப்பிச்சோம்’ வகைத் தொகுப்பாகப் போட்டால் பார்வை எண்ணிக்கை இன்னும் ஏறும். எதிரே வந்த ஸ்கூட்டர் அக்கா பதறிப்போய் ஓரத்தில் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது எந்தக் கேமராவிலும் பதிவாவதில்லை. கேமரா முன்னோக்கியே பார்க்கிறது.

வீலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய வேகத்தில் முன்சக்கரம் எழும்பிவிட்டால் திருப்புவதற்கு எதுவும் இல்லை. முன் பிரேக்குக்கும் வேலை இல்லை. மேலே போகும் வண்டியை இறக்க மிஞ்சியிருப்பது கையின் முறுக்கும் பின் பிரேக்கும்தான். எதிரில் என்ன வருகிறது என்பதை வண்டியின் மூக்கே மறைத்துவிடும். இறங்கும்போது சக்கரம் நேராக இல்லையென்றால் கைப்பிடி பிடியை மீறி உதறத் தொடங்கும். இன்றைய ஹயபூசாவின் எடை 264 கிலோ. அதை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்துவது திறமைதான், மறுக்கவில்லை. நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற காருக்கு அந்தத் திறமையில் ஒரு பங்கும் இல்லை.

2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், யூடியூபர் டிடிஎஃப் வாசன் அப்படித்தான் விழுந்தார். வண்டி பறந்து புதருக்குள் போனது. அவர் எலும்பு முறிவோடு பிழைத்தார். முந்தைய ஆண்டே இன்னொரு யூடியூபரான ஜி.பி. முத்துவைப் பின்னால் உட்காரவைத்து அதிவேகமாக ஓட்டிய காணொளிக்காகக் கோவையில் வழக்குப் பதிவாகியிருந்தது. தாமல் விபத்துக்குப் பிறகு கைதானார். அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. கார்த்திகேயன் ஜாமீன் தர மறுத்தார். பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலை மூடிவிடலாம் என்ற அளவுக்குக் கடிந்துகொண்டார். அவரைப் பின்தொடரும் லட்சக்கணக்கான இளைஞர்கள் கெடுகிறார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு, 2033 அக்டோபர் வரை, பறிக்கப்பட்டது. சுமார் ஒன்றரை மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வெளியே வந்தார்.

தண்டனை அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விபத்து நடந்த அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி தூக்கி வீசப்படும் அந்தச் சில நொடிக் காட்சியைச் செய்தித் தொலைக்காட்சிகள் மெதுவாக ஒருமுறை, வட்டம் போட்டு ஒருமுறை, இசை சேர்த்து ஒருமுறை என்று நாள் முழுவதும் ஓட்டின. கீழே கண்டனத் தலைப்பு, இடையிடையே விளம்பரம். அவரது பெயரைக் கேள்விப்படாத பாட்டிமார்களுக்கும் அன்று தெரிந்துவிட்டது. விபத்துக்கு முன்பே அவரை நாயகனாக்கி ‘மஞ்சள் வீரன்’ என்று ஒரு படம் அறிவிக்கப்பட்டிருந்தது. வழக்குகளும் வசைகளும் சேர்ந்து கட்டிய புகழ் அது. கண்டித்தவர்களுக்கும் அதில் கூலி கிடைத்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தாக ஓட்டுபவரைத் தண்டிக்கிறது. அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனைதான் என்கிறது 188ஆம் பிரிவு. அப்படிப்பட்ட ஓட்டத்துக்குக் கவச உடை கொடுத்து, காணொளியில் தன் பெயரைச் சொல்லவைத்த கடையை உடந்தை என்று எந்தக் காவல் நிலையமாவது விசாரித்தால் காட்சி கொஞ்சம் மாறும். வாகன விளம்பரங்களுக்கு இந்திய விளம்பரத் தரநிலைக் குழு விதி வகுத்திருக்கிறது: விதிமீறலைக் காட்டக்கூடாது, முரட்டு வேகத்தைத் தூண்டக்கூடாது, சாகசம் காட்டினால் படிக்கக்கூடிய எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கை திரையின் அடியில் எறும்பு ஊர்வதுபோல ஓடி மறைவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். படித்ததில்லை.

நீதிமன்றங்கள் வேறு வழிகளையும் முயன்று பார்த்தன. 2022இல் சென்னைத் தேனாம்பேட்டையில் வீலிங் செய்து இன்ஸ்டாகிராமில் போட்ட ஐதராபாத் இளைஞருக்கு ஜாமீன் தந்தபோது, சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்க வேண்டும், அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் பணி செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. எனக்குப் பிடித்த தீர்ப்பு இது. பெங்களூரு – துமகூரு சாலையில் 2024 ஆகஸ்டில் பொதுமக்களே பொறுமையிழந்து, வீலிங் செய்த பையன்களின் ஸ்கூட்டர்களை மேம்பாலத்திலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். அதையும் யாரோ காணொளி எடுத்தார்கள், அதுவும் பரவியது.

சரி, பார்ப்பதால் ஓட்டுகிறவன் மாறுகிறானா? 2011இல் பீட்டர் ஃபிஷரும் சக உளவியலாளர்களும், 80,000க்கு மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தார்கள். ஆபத்தைப் புகழும் ஊடகத்துக்கும் ஆபத்தான நடத்தைக்கும் தொடர்பு உண்டு என்றே முடிவு வந்தது. சும்மா பார்ப்பதைவிட, விளையாட்டில் தானே ஓட்டுவது கூடுதலாகப் பாதிக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு மாவட்டத்தின் வேக அபராதச் சீட்டுகளை 2012 முதல் 2017 வரை ஆராய்ந்தவர்கள், ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படங்கள் வெளியான வார இறுதிகளில் பிடிபட்டவர்களின் சராசரி வேகமீறல் மணிக்கு 16 மைலிலிருந்து 19 மைலாக ஏறியதைக் கண்டார்கள். அது கார், அவர்களும் பிடிபட்டவர்கள் மட்டுமே. இருந்தாலும் பாதிப்பே இல்லை என்று இனி யாரும் சாதிக்க முடியாது.

ஆனால் பிணவறைக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தலைக்கவசம் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 14,337. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்தக் கணக்கில் சூப்பர் பைக்குகளைத் தேடினால் ஏமாந்துபோவோம். பெரும்பாலும் நூறு சிசி வண்டி, வேலைக்குப் போகும் அப்பா, பின்னால் அம்மா. டிடிஎஃப் வாசனை உள்ளே வைத்ததும் சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படித்தால் நல்லது.

அப்படியென்றால் காணொளிகளை விட்டுவிடலாமா? இங்கேதான் 1981இல் வெளியான ஹர்ட் அறிக்கை உதவிக்கு வருகிறது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. ஆபத்து எதிர்ப்பட்ட கணத்தில் வண்டிகளின் நடுவண் வேகம் மணிக்கு 48 கி.மீ.தான். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பதற்றத்தில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள். வண்டியை உண்மையில் நிறுத்தக்கூடிய முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை.

“முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுந்துருவ” என்று எனக்கும் அண்ணன்மார் சொல்லித்தான் தந்தார்கள். தமிழ்நாட்டில் இதைக் கேட்காமல் வளர்ந்த பைக் ஓட்டி அரிது. இது தப்பான பாடம். ஆனால் சரியான பாடத்தைச் சொல்லித்தர ஆள் எங்கே? கார் கற்றுக்கொள்ளத் தெருவுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் உண்டு. பைக்குக்கு மாமாவின் வண்டியும் காலி மைதானமும்தான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் கையில். அந்த எட்டில் வண்டி மூன்றாம் கியரைத் தொடுவதில்லை, அவசரமாக நிறுத்திக் காட்டச் சொல்வதும் இல்லை. பதினெட்டு வயதில் நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டவன், சட்டப்படி அன்று மாலையே 1340 சிசி ஹயபூசாவை ஓட்டலாம். பிரிட்டனில் பத்தொன்பது வயதுக்காரருக்கு 35 கிலோவாட் திறன்வரைதான் உரிமம். எந்த வண்டியையும் ஓட்ட, படிப்படியாக வராதவர் 24 வயதுவரை காத்திருக்க வேண்டும். அங்கே தேர்வில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து திடீரென்று நிறுத்தியும், தடையை ஒதுங்கிக் கடந்தும் காட்ட வேண்டும்.

இந்த வெற்றிடத்தில்தான் பதினாறு வயதுப் பையன் கைபேசியைத் திறக்கிறான். வளைவில் எப்படிச் சாய்வது, கியரை எப்போது மாற்றுவது, என்ன கையுறை வாங்குவது என்று அவனுக்கு மதித்துப் பதில் சொல்கிற ஒரே அண்ணன் அந்தக் காணொளிக்காரர். லடாக்குக்குப் போய்வந்து பயனுள்ள விஷயங்களைப் பொறுமையாகச் சொல்கிற தமிழ் ஓட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்வையாளர் குறைவு. கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு இலவச இணைப்பாக வீலிங்கும் வந்து சேர்கிறது.

“திறமையைக் காட்டணும்னா டிராக்குக்குப் போ” என்பது வழக்கமான அறிவுரை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடுதளம் இருக்கிறது. சாலையைவிட அது நூறு மடங்கு மேல். ஆனாலும் அங்கே ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அதோடு, வெறும் வித்தை கற்பது எதிர்விளைவு தரும் என்பதும் தெரிந்த கதை. நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் தரையில் கார் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளைஞர்களின் வழுக்கல் விபத்துகள் கூடின. சமாளித்துவிடுவோம் என்ற நம்பிக்கை வந்ததும் வேகமும் வந்துவிட்டது.

பலன் தந்த முறை வேறொன்று, அதுவும் காணொளிதான். பிரிட்டனில் 2002 முதல் எழுத்துத் தேர்வோடு ஆபத்தை உணரும் தேர்வு ஒன்றும் நடக்கிறது. கார் ஓட்டுபவருக்கும் பைக் ஓட்டுபவருக்கும் பொது. ஓட்டுபவரின் கண்ணிலிருந்து எடுத்த 14 துணுக்குகள் திரையில் ஓடும். பக்கத்துத் தெருவிலிருந்து மூக்கை நீட்டும் கார், நடைபாதையில் பந்தோடு நிற்கும் குழந்தை, கதவு திறக்கப்போகும் வேன் என்று 15 ஆபத்துகள் அவற்றில் மெல்ல உருவாகும். எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டு சொடுக்குகிறோமோ அவ்வளவு மதிப்பெண். 75க்கு 44 எடுத்தால் தேர்ச்சி. நம் ஊர் எல்.எல்.ஆர். தேர்வும் இப்போது கணினியில்தான் நடக்கிறது. ஆனால் அதில் கேட்பது சின்னங்களின் பெயரையும் விதிகளையும். அண்ணா சாலையிலும் மதுரை வடக்குவெளி வீதியிலும் ஒரு காலை நேரம் கேமராவோடு மெதுவாகப் போய்வந்தாலே இப்படிப் பத்துத் துணுக்குகள் கிடைத்துவிடும். எடுப்பதற்குத் தலைக்கவசக் கேமராவும் பொறுமையும் உள்ள பையன்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். போக்குவரத்துத் துறை அவர்களை இதுவரை வழக்குப் போட மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறது.